என் வேனில் புகைந்த மாம்பழம்

எங்கள் வீட்டு வரவேற்பறையில் நீதிமன்றம் கூடியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லோரும் பசியாறிய கையோடு.

நீதிபதி என் கணவரின் அண்ணன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இதற்காகவே காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எங்கள் வீட்டின் ஒரே சாய்வு நாற்காலியில் அமர்ந்து, தன் வழக்கமான காப்பி ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் என் கணவர் மணியம். குற்றம் செய்தவர் அவர்தானோ என்று நினைக்கும்படி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசையின் நடுவில் ஒரு தட்டு முறுக்கு. அதன் பக்கத்தில் சாட்சிப் பொருள். விரல் நீளம், கிளிப்பச்சை நிறம், பார்த்தால் லிப்ஸ்டிக் என்றுதான் நினைக்கத் தோன்றும். அது ஒரு வேப், மின்சிகரெட். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல் அதன் அடியில் டிஷ்யூ தாளை விரித்து வைத்தவள் நான்தான்.

எதிரே, குஷன் இல்லாத நாற்காலியில் யாழினி. எங்கள் ஒரே மகள். அப்போது பதினைந்து வயது, மூன்றாம் படிவம்.

"பெரியப்பா, முறுக்கு எடுத்துக்கலாமா?"

"விசாரணை முடியட்டும்" என்றார் நீதிபதி.

வழக்கை நடத்தும் வக்கீல் நான். முதல் நாளே குளித்து முழுகிச் சேலைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்புங்கள். மகள் மீது வழக்கு நடத்தச் சேலை கட்டிக்கொண்டவள் நான்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் வேன் வாங்கிய கதையை எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி அழைத்தார். "ஏங்க, பத்து வாரமா எழுதுறீங்க, எல்லாத்துலயும் நீங்க கெட்டிக்காரியாவே இருக்கீங்களே! தலைகுனிஞ்ச கதை ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டார்.

இருக்கிறது. எழுதலாமா என்று மகளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க. ஆனா நான் முறுக்கு கேட்டத விட்றாதீங்க" என்றாள்.

வாசனைப் பிள்ளைகள்

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வீடு. காலையில் பக்கத்துத் தோட்டத்துக்குள் போய் நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, வரும் வழியில் இன்னும் சிலரை அள்ளிக்கொண்டு, கோலசிலாங்கூர் பட்டணத்தில் இடைநிலைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவேன். என் மகளையும் சேர்த்து ஒன்பது பேர்.

வேன் ஓட்டுகிறவர்களுக்குக் கண்ணைவிட மூக்குதான் அதிகம் வேலை செய்யும். திரும்பிப் பார்க்காமலே யார் ஏறினார்கள் என்று சொல்லிவிடுவேன். தேங்காய் எண்ணெய் வந்தால் கடைசி வீட்டுப் பெண். தைல வாசனை வந்தால் எப்போதும் சளியோடு திரியும் பையன். பொரித்த முட்டை வாசம் வந்தால் பாதையிலேயே பசியாறுகிற இன்னொரு பையன்.

ஒரு பருவத்தில் வேனுக்குள் மாம்பழ வாசனை வர ஆரம்பித்தது. சில நாள் ஸ்ட்ராபெர்ரி. சில நாள் ஏதோ ஐஸ்கிரீம்.

எனக்கு ஒரே பூரிப்பு. பிள்ளைகள் சுத்தபத்தமாக, சென்ட் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளி வாசலில் என் பக்கத்தில் வேன் நிறுத்தும் கக் ரோஸிடம் அதைப் பெருமையாகவும் சொன்னேன். கக் ரோஸ் பதினைந்து வருடமாக வேன் ஓட்டும் மலாய்க்கார அம்மா. அவர் சிரித்த சிரிப்பில் விழுந்துவிடாமலிருக்க என் வேன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். "சரஸ், அது சென்ட் இல்லை. வேப்!" என்று மலாயில் சொல்லி, மறுபடியும் சிரித்தார்.

அன்றைக்கு எனக்குள் ஒரு துப்பறியும் அதிகாரி பிறந்தாள்.

ஒரு பையன் எழுதுகோல் பெட்டிக்குள் வைத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். ஒருத்தி காலுறைக்குள் செருகியிருந்ததைக் கண்டுபிடித்தேன். உடனே அவரவர் அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். நடுவே என் சொந்தச் சரக்காகக் கொஞ்சம் அறிவுரையும் கலந்தேன். "பிள்ளைங்கள கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்கணும்லா. என் மக இருக்கா பாருங்க..."

இந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று இப்போது நினைத்தால் காது சுடுகிறது. கோயிலில் பெண்கள் எனக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மரியாதை என்று நினைத்தேன். பயம் என்று பின்னால்தான் புரிந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை, வேனைக் கூட்டிக்கொண்டிருந்தபோது முன் இருக்கைக்கு அடியிலிருந்து அந்தக் கிளிப்பச்சைச் சாமான் உருண்டு வந்தது.

படம் பிடித்தேன். பெற்றோர்களின் வாட்சப் குழுவில் போட்டேன். "இது யார் வீட்டுப் பிள்ளையுடையது? நாளை காலைக்குள் உண்மை வரவேண்டும்" என்று எழுதினேன், கீழே கோபமான முகம் மூன்று. அரை மணி நேரத்தில் எட்டு வீடுகளிலும் புத்தகப் பைகள் தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டன. ஒருவர் மூன்றாம் ஆண்டு படிக்கும் தன் சின்னப் பிள்ளையின் பையைக்கூட விடவில்லையாம்.

அன்று மாலை சமையலறையில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தேன். யாழினி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, அந்தப் படத்த குரூப்லேர்ந்து அழிச்சிடுங்க."

"ஏன்?"

"அது என்னோடது."

கிள்ளிய நெத்திலித் தலையைப் பத்திரமாகச் சட்டியில் போட்டேன். உடலைக் குப்பையில் போட்டேன். இப்படி எத்தனை மீன் போட்டேன் என்று தெரியாது. அவள்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

படத்தை அழித்தேன். குழுவில், "பிரச்சினை தீர்ந்தது. ஒத்துழைப்புக்கு நன்றி" என்று எழுதினேன். யாருடையது என்று எழுதவில்லை. எட்டு வீட்டுப் பிள்ளைகளைச் சந்தியில் நிறுத்தியவள், என் பிள்ளை என்றதும் வாயை மூடிக்கொண்டேன். அடுத்ததாக ரவாங்குக்குத் தொலைபேசியில் அழைத்துப் பெரியப்பாவை வரச்சொன்னேன்.

அப்பாவின் பாட்டில்

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போகமுடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். இப்போது அந்த ஊருக்குப் பெயரே மாறிவிட்டது. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். சாயங்காலம் ஆனால் சம்சு குடிப்பார். அலமாரியின் மேல் தட்டில் பாட்டில் நிற்கும்.

எனக்குப் பத்து வயது இருக்கும். நாற்காலி போட்டு ஏறி, பாட்டிலிலிருந்து இரண்டு மூடி சம்சுவைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, இரண்டு மூடி குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்தேன். அடுத்த நாள் நான்கு மூடி. அப்பா கண்டுபிடிக்கவில்லை என்றதும் தைரியம் வந்துவிட்டது. கொஞ்ச நாளில் பாட்டிலில் பாதிக்கு மேல் குழாய்த் தண்ணீர்.

அப்பாவுக்கு ருசி மாறியது தெரிந்ததுதான். ஆனால் மகளைச் சந்தேகிக்கவில்லை. "தவ்கே தண்ணி கலக்குறான்!" என்று சீனன் கடைக்குப் போய்ப் பெரிய ரகளை. கடைக்காரர் தன் முன்னோர்கள் மீதெல்லாம் சத்தியம் செய்தார். நான் அப்பாவின் பின்னால் நின்று, கடைக்காரர் கொடுத்த மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தேன்.

வேடிக்கை அதுவல்ல. பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டும் அப்பா முன்பு போலவேதான் பாடினார். முன்பு போலவே வேலை வாங்கும் மண்டோரைத் திட்டினார். வழக்கமான அதே இடத்தில், லயத்துச் சாக்கடைப் பலகையில், வழக்கம்போல் விழுந்தார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. "அப்ப அவரு சம்சுக்காகக் குடிக்கலடி" என்றார்.

எனக்கு முன்னால் பிறந்து, மூன்று வயதில் காய்ச்சலில் போன ஓர் அண்ணன் எனக்கு உண்டு. அவன் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. அப்பா பாடியதெல்லாம் அவனைத் தூங்கவைக்கப் பாடிய பாட்டுகள் என்பதே எனக்குத் திருமணமான பிறகுதான் தெரியும்.

லயத்தில் அப்பாவைக் குடிகாரன் என்றார்கள். சிலர் சோம்பேறி என்றார்கள். உடம்புக்கு முடியாதவர் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

விசாரணை

வரவேற்பறைக்குத் திரும்புவோம். முறுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

"யாரு குடுத்தா? எந்தப் பையன்?" என்று ஆரம்பித்தார் பெரியப்பா.

"பையன் யாரும் இல்ல. நானே வாங்கினேன்."

"எதுக்கு?"

அவள் வாய் திறக்குமுன் நான் எழுந்து ஒரு பிரசங்கம் செய்தேன். சகவாசம், செல்பேசி, சாமிக்குப் பயப்படாதது என்று மூன்று தலைப்பு. யாழினி முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் வாசலில் நிற்கும் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம பரம்பரையில இந்த மாதிரி பழக்கம் யாருக்காச்சும் உண்டா? ஒரு ஆளக் காட்டு பாப்போம்!"

வக்கீலுக்குத் தெரியும், பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக் கூடாது. நீதிபதிக்குத் தெரியவில்லை.

யாழினி முதன்முறையாக நிமிர்ந்தாள். "பெரியப்பா, அந்தக் காப்பியில எனக்கு ஒரு வாய் குடுங்க."

அவர் கை ஃபிளாஸ்க்கை இறுக்கியது. "இது சின்னப் பிள்ளைங்க குடிக்கிற காப்பி இல்ல."

"தெரியும் பெரியப்பா."

அந்த ஃபிளாஸ்க்கில் காப்பி இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் பேசும்போதெல்லாம் பிராந்தி வாசனை வரும். எங்கள் குடும்பத்தில் அதற்குக் காப்பி என்று பெயர், அவ்வளவுதான்.

"அப்பா டெய்லி வேலை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் கார்லயே ஒக்காந்திருக்காரு" என்று தொடர்ந்தாள் யாழினி. "ரேடியோ கேக்கறேன்னு சொல்றாரு. நம்ம கார் ரேடியோ கெட்டுப்போயி ரெண்டு வருசம் ஆச்சு."

மணியம் மெல்ல முகத்தைத் துடைத்துக்கொண்டார். காரின் பின்பக்கம் வாரம் ஒரு பை நிறைய பீர் டின்கள் சேரும். அந்தப் பையைக் குப்பையில் போடுகிறவள் நான். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் சிரித்துவிட்டேன். என்னால் அடக்க முடியவில்லை. நீதிபதியும் அவர் தம்பியும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொண்டால் வக்கீலுக்குச் சிரிப்பு வராதா?

"அம்மா, நீங்க சிரிக்காதீங்க."

"நான் என்னாடி பண்ணேன்? என் வாயில ஒரு சொட்டு பட்டதில்ல!"

"அலர்ஜி மாத்திர."

"அது மருந்து. கடையில விக்கிறாங்க."

"உங்களுக்கு என்னா அலர்ஜி?"

சின்ன மஞ்சள் மாத்திரை. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது ஆரம்பித்தது. வேனின் டயருக்கு அடியில் புல் முளைத்துக்கொண்டிருந்தது. தூக்கம் போய்விட்டது. அதைப் போட்டால் தூக்கம் வரும் என்று ஒரு சிநேகிதி சொன்னாள். வந்தது. பள்ளிகள் திறந்தன, பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், தூக்கம் மட்டும் தானாகத் திரும்பி வரவில்லை. ஒரு மாத்திரை இரண்டானது. பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். என்ன அலர்ஜி என்று அந்த ஞாயிற்றுக்கிழமை வரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

"காலையில வேன் ஓட்டும்போது உங்களுக்கு கண்ணு சொருகுதும்மா" என்றாள். "பாலத்து மேல ஒரு தடவ வேன் கோட்டத் தாண்டிப் போச்சு. நான் 'கொரங்கு, கொரங்கு'ன்னு கத்தினேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கோலசிலாங்கூரில் குரங்குக்கா பஞ்சம்? ஹாரனை அடித்துவிட்டு, "எங்கடி?" என்று கேட்டேன். பின்னால் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

"அங்க கொரங்கு இல்லம்மா."

பெரியப்பா ஃபிளாஸ்க் மூடியைத் திருகி இறுக்கினார்.

"அன்னிலேர்ந்துதான் முன்னாடி சீட்டுல ஒக்கார்றேன். ஸ்கூல் வர்ற வரைக்கும் உங்ககிட்ட பேசிக்கிட்டே வர்றேன். நீங்க 'வாய மூடுடி, காலங்காத்தால தொணதொணன்னு'ன்னு திட்டுவீங்க. திட்டினா நல்லது, முழிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். என்னா பேசணும்னு மொத நாளே எழுதி வெச்சுக்குவேன்."

செல்பேசியை எடுத்து நீட்டினாள். நான் வாங்கிப் பார்த்தேன். நீளமான பட்டியல். 'பூனை ஏன் குளிக்காது.' 'கணக்கு டீச்சர் கல்யாணம்.' 'அம்மா சின்ன வயசு கதை கேக்கணும் (கோவமா இருந்தா கேக்கக் கூடாது).' 'ரம்புத்தானா துரியானா.' ஒவ்வொன்றாகச் சரி போட்டிருந்தாள். கடைசியில், 'விஷயம் தீந்துபோச்சு. புதுசா யோசி' என்று இருந்தது.

"ஸ்கூல்ல எறங்கினதும் கையெல்லாம் நடுங்கும். நெஞ்சு படபடன்னு அடிக்கும், மூச்சு வராது. ஒரு சீனியர்தான் இத இழுத்துப் பாரு, அடங்கும்னு குடுத்தாங்க. மொதல்ல அடங்குச்சு. இப்ப இழுக்கலன்னா அடிக்குது. ஒரு தடவ உள்ள வேற என்னமோ கலந்திருந்துச்சு. டாய்லெட் தரையில ஒக்காந்துக்கிட்டு, செத்துப் போய்டுவேன்னு நெனச்சேன். உங்களுக்குப் போன் பண்ணலாம்னு பாத்தேன். நீங்க வேன் ஓட்டிக்கிட்டு இருப்பீங்க. போன எடுத்தா என்னா ஆகும்னு பயந்து பண்ணல."

என் சேலையின் இஸ்திரி மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பெரியப்பா எழுந்தார். ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, "நான் அப்புறம் வர்றேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார். நீதிபதி போனால் நீதிமன்றம் கலைந்ததாகத்தான் அர்த்தம்.

மணியம் முறுக்குத் தட்டை எடுத்து மகள் மடியில் வைத்தார். "சாப்பிடும்மா" என்றார். அவள் அழுதுகொண்டே கடித்தாள். அந்தக் கடக் கடக் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

முதல் மார்க்

மறுநாள் மூன்று பேரும் அரசாங்க கிளினிக்குப் போனோம். கக் ரோஸ் தன் வேனிலேயே என் பிள்ளைகளையும் அடைத்துக்கொண்டு போனார். காரணம் கேட்கவில்லை.

அங்கே ஒரு மிஸ்ஸி, அதாவது தாதி, இளம்பெண், நம்மவர். நிரப்பித் தரும்படி யாழினியிடம் ஒரு பாரத்தைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தூக்கமில்லை, எத்தனை நாள் காரணமில்லாமல் பயம் வந்தது, எத்தனை நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை என்று வரிசையாகக் கேள்விகள். என் வாய் சும்மா இருக்குமா? ஒவ்வொரு கேள்விக்கும் மகளுக்குப் பதிலாக நானே சொல்லிக்கொண்டு வந்தேன். "தூக்கமா? எங்க தூங்குறா! பயம்தான், எப்பவும் பயம்தான்."

மிஸ்ஸி கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு பாரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "அக்கா, நீங்களும் ஒண்ணு எழுதுங்களேன். சும்மாதான்."

சும்மா என்றால் எனக்குப் பிடிக்கும். எழுதினேன். சில கேள்விகளுக்கு முன்னால் பேனா நின்றது. அங்கே பொய் எழுதலாம் என்று தோன்றியது. பக்கத்தில் மகள் எழுதிக்கொண்டிருந்தாள். பரீட்சையில்கூட அவ்வளவு கவனமாக எழுதியிருக்கமாட்டாள். எனக்குப் பொய் வரவில்லை.

மிஸ்ஸி இரண்டையும் கூட்டினார். என் பாரத்தை இரண்டாம் முறை கூட்டினார்.

"என்னா மிஸ்ஸி, பாஸா?" என்றேன்.

"அக்கா, உங்களோடதுதான் கூட வந்திருக்கு."

மகள் எட்டிப் பார்த்தாள். எனக்கு ஐந்தாம் படிவத்தில்கூட நல்ல மார்க் வந்ததில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக மகளைவிட அதிக மார்க் வாங்கியது அன்றுதான். அதைச் சொல்லிச் சிரித்தேன். மிஸ்ஸியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் கைமேல் கை வைத்தார். அப்போதுதான் நான் அழுதேன். டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தியவள் யாழினி.

டாக்டர் இருவருக்கும் தனித்தனியாகத் தேதி எழுதிக் கொடுத்தார். மகளுக்கு வாரம் ஒருமுறை கவுன்சலர். எனக்கு மாத்திரையை அவர் சொல்கிற கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்கவேண்டும், அது முடிந்து அவர் சரி என்று சொல்லும்வரை வேனைத் தொடக் கூடாது.

"பிள்ளைகளின் பெற்றோருக்கு என்ன சொல்லப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

ஏழாவது குரல் பதிவு

வேன் ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். கணவரும் அதைத்தான் சொன்னார். "ரிப்பேர்னு சொல்லிடு சரசு. பொய்யும் இல்லையே, ரிப்பேர்தானே!" அவர் அபூர்வமாக அடிக்கும் நகைச்சுவை அது.

யாழினி எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழுவில் குரல் பதிவு போட உட்கார்ந்தேன். முதல் பதிவில் காலநிலை பற்றிப் பேசினேன். அழித்தேன். இரண்டாவதில் என் மீது எனக்கே இரக்கம் வந்துவிட்டது. அழித்தேன். மூன்றாவதில் அறிவுரை தலைகாட்டியது. ஏழாவது பதிவில்தான் வந்தது.

"நான் சரசு பேசறேன். அன்னிக்கு போட்ட படத்துல இருந்த வேப்பு என் மகளோடது. எட்டு வீட்டுப் பிள்ளைங்களச் சந்தேகப்பட்டேன், மன்னிச்சிக்கங்க. அதவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. நான் தூங்கறதுக்கு மாத்திரை போட்டுக்கிட்டு, காலையில மயக்கம் தெளியாமலே உங்க பிள்ளைங்கள வெச்சு வண்டி ஓட்டியிருக்கேன். என் மகதான் என்னைய தூங்கவிடாம பாத்துக்கிட்டா. ஒண்ணும் ஆகலன்னா, அது அவளாலதான். இப்ப வைத்தியம் பாக்குறேன். டாக்டர் சொல்ற வரைக்கும் ஓட்டமாட்டேன்."

அனுப்பியதும் செல்பேசியை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன்.

மூன்று பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். தப்பில்லை, நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். ஒரு தந்தை வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே சத்தம் போட்டார். அதையும் நின்று கேட்டேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

மற்றவர்கள் கட்டைவிரல் படம் போட்டார்கள். அது சம்மதமா, அனுதாபமா என்று அந்தப் படத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. காலுறைக்குள் வேப் வைத்திருந்த பெண்ணின் அம்மா ஒருநாள் பகலில் வந்தார். கையில் கொஞ்சம் கங்கோங் கீரை. அதைக் கொடுப்பதற்காக மட்டும் ஒருவர் மூன்று கிலோமீட்டர் வரமாட்டார். அரை மணி நேரம் கீரையைப் பற்றியே பேசிவிட்டு, செருப்பை மாட்டும்போது, "அந்த கிளினிக்ல ஆம்பளைங்களயும் பாப்பாங்களா?" என்று கேட்டார். பார்ப்பார்கள் என்றேன். அடுத்த வாரம் இன்னொருவர் வந்தார், அவர் கையில் பலாச்சுளை. அந்த மாதம் எங்கள் வீட்டில் காய்கறிக்குச் செலவே ஆகவில்லை.

குறைந்தது, ஏறியது, குறைந்தது

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அந்த வாசகி மறுபடியும் அழைத்து, "பாத்தீங்களா, கடைசியில கெட்டிக்காரியா ஆயிட்டீங்க" என்பார்.

யாழினி விட்டாள், மறுபடியும் தொட்டாள், மறுபடியும் விட்டாள். இரண்டாம் முறை தொட்டதை அவளே வந்து சொன்னாள். திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். திட்டக் கூடாது என்று கவுன்சலர் சொன்னது நினைவுக்கு வந்தது. திறந்த வாயை என்ன செய்வது? "பசியாறிட்டியா?" என்று கேட்டுவிட்டேன். காலையில் கேட்கிற கேள்வி அது, அப்போது சாயங்காலம் ஐந்து மணி. அவள் சிரித்துவிட்டாள்.

மாத்திரையைக் குறைத்த நாட்களில் வீட்டில் நான் ஒரு கடுவன் பூனை. சட்டி உருண்டது, கதவு அடித்தது. கணவர் ஒருநாள் கார் கதவைத் திறந்துகொண்டு, பீர் டின்னோடு நேராக வரவேற்பறைக்கு வந்து, எங்கள் நடுவில் உட்கார்ந்து குடித்தார். அவமானத்தால் அவர் முகம் சிவந்திருந்தது. "இனிமே இங்கயே குடிக்கிறேன்" என்றார். மூன்று டின் இரண்டானது. மகள் எதிரில் உட்கார்ந்து பாடம் படிக்கும்போது குடிக்க முடியவில்லையாம். இன்னும் முழுதாக விட்டபாடில்லை. எழுதுகிறேன் என்று சொன்னதும், "ரெண்டுன்னு போடு, மூணுன்னு போட்றாத" என்றார். போட்டுவிட்டேன்.

பெரியப்பா நான்கு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் அழைத்து, ஒரு நண்பருக்காகக் கேட்பதாகச் சொல்லி, கிளினிக் திறக்கும் நேரத்தைக் கேட்டார். நண்பரின் பெயரை நான் கேட்கவில்லை.

தாமதப் புத்தகம்

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஒரு திங்கட்கிழமை வேனை எடுத்தேன். ஆறு பிள்ளைகள். யாழினி வழக்கம்போல் முன் இருக்கையில் ஏறினாள்.

தோட்டத்துச் செம்மண் சாலையைத் தாண்டும்வரை ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். பிறகு பேச்சு நின்றது. ஏதோ கோபம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிவிட்டிருந்தாள்.

பின்னால் சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்து, விரலை உதட்டில் வைத்தேன். என்ன புரிந்ததோ, அடங்கிவிட்டார்கள். பாலத்தின் மேல் போகும்போது கீழே ஆறு மினுங்கியது. நான் சாலையைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன், மறுபடியும் சாலையைப் பார்த்தேன்.

பள்ளி வாசலில் மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. மணி அடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பள்ளி வாசலைக் காக்கும் ஜாகா வந்து வேன் கண்ணாடியைத் தட்டினார். திடுக்கிட்டு எழுந்தவள், பையை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அந்த ஜாகா தாமதமாக வருகிறவர்களின் பெயரை எழுதும் தடித்த புத்தகம் ஒன்று வைத்திருப்பார். மகள் நிற்காமல் ஓடிவிட்டதால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பேரு?"

சொன்னேன்.

"லேட்டுக்குக் காரணம்?"

"தூங்கிட்டா அண்ணே."

"வீட்டுலயா?"

"இல்ல. என் வேன்ல" என்றேன். "நான் ஓட்டும்போது."